தனி முடிந்ததும் யார் எடுப்பார்கள்? மார்த்தா ஆர்கெரிச்சின் பியானோ வாழ்க்கை

கும்பகோணத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. மேளக்காரர்கள் மேடைக்குப் பக்கத்தில் ஜமக்காளத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். தவில் வித்வான் வலது கை விரல்களிலிருந்து கூடுகளை ஒவ்வொன்றாக உருவி ஒரு பழைய தகர டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். வயது அறுபதுக்கு மேல். முந்தின நாள் ஜானவாசத்திலிருந்தே அவர் வாசிப்பில் எனக்கு ஒரு மயக்கம். பேச்சுக் கொடுக்க வேறு சாக்குக் கிடைக்காமல், என் போனில் இருந்த ஒரு வீடியோவை நீட்டினேன்.

திரையில் நரைத்த கூந்தலை அவிழ்த்துவிட்ட ஒரு பாட்டி, கறுப்பு உடையில், பியானோ முன்னால். வாசிப்பது ஸ்கார்லாட்டி என்ற பழைய இசையமைப்பாளரின் ஒரு சின்ன உருப்படி, பட்டியலில் கே.141 என்று எண் போட்டது. வலது கை ஒரே கட்டையை விடாமல் படபடவென்று அடிக்கிறது. இடது கை கீழே கொத்துக் கொத்தாகச் சுரங்களை வாரி இறைக்கிறது. வித்வான் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அவருடைய ஆள்காட்டி விரல் தொடையில் தானாகவே தகிட தகிட போட ஆரம்பித்தது.

"விரலை மாத்தி மாத்திப் போடுது பாருங்க அந்தம்மா. ஒத்த விரலா இருந்தா இந்தக் காலத்துல நிக்காது" என்றார். முடியும்வரை பார்த்தார். அப்புறம் போனைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "தனி பிரமாதம் தம்பி. ஆனா தனி முடிஞ்சதும் நாயனம் எடுக்கணுமில்ல? அங்க யாரு எடுக்கறா?" என்றார்.

தனி என்று அவர் சொன்னது, கச்சேரி நடுவே தாளவாத்தியக்காரர் மட்டும் வாசிக்கும் பகுதியை. யாரும் எடுப்பதில்லை, அங்கே முழுக் கச்சேரியுமே தனிதான் என்று சொன்னேன். "அடப் பாவமே" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அந்த அம்மாளுக்காக வருத்தப்பட்டார்.

அந்த அம்மாள் மார்த்தா ஆர்கெரிச். உயிரோடிருக்கும் பியானோ கலைஞர்களில் முதல் வரிசையில் அவர் பெயரை வைக்காத ரசிகர்கள் குறைவு. உலகமே தேடிக் காத்திருந்த காலத்தில், 1980-களின் தொடக்கத்தில், தனிக் கச்சேரிகளை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். மேடையில் தனியாக இருப்பது தாங்கவில்லை என்பதுதான் அவர் சொன்ன காரணம். அவர் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இதை ஒரு புதிராக, ஒரு மேதையின் கோணல் குணமாக எழுதுவது வழக்கம். தவில்காரருக்கு அது புதிராகவே படவில்லை. எனக்கும் இப்போது படவில்லை. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னாலிருந்து வரவேண்டும்.

ஆர்கெரிச் பிறந்தது 1941-ல், அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரஸில். மூன்று வயதுகூட ஆகாத போது மழலையர் பள்ளியில் ஐந்து வயதுப் பையன் ஒருவன், உன்னால் அது முடியாது இது முடியாது என்று சீண்டிக்கொண்டே இருந்தானாம். ஒரு நாள் பியானோ வாசிக்க முடியாது என்றான். நேராகப் போய், டீச்சர் வாசித்துக் காட்டியிருந்த மெட்டை ஒரு விரலால் பிசகாமல் வாசித்துவிட்டாள். அங்கிருந்து வின்சென்சோ ஸ்கராமுஸ்ஸா என்ற கண்டிப்பான இத்தாலிய ஆசிரியரிடம் பாடம். எட்டு வயதில், 1949-ல், ஆர்கெஸ்ட்ராவோடு மோட்ஸார்ட்டும் பீத்தோவனும் வாசித்து முதல் மேடை. 1955-ல் நாட்டின் அதிபர் பெரோன் குழந்தையின் பெற்றோருக்கு வியன்னா தூதரகத்தில் வேலை போட்டுக் கொடுத்தார். பிரெட்ரிக் குல்டா என்ற இளம் வாத்தியாரிடம் அவள் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. நம்மூரில் சமஸ்தானம் மானியம் கொடுத்து வித்வானை வளர்த்த கதைதான், கொஞ்சம் நவீனமாக.

குல்டா பாடம் நடத்திய விதம் எனக்குப் பிடித்தது. அவள் வாசிப்பதை ஒலிப்பதிவு செய்து, அவளையே கேட்கவைத்து, எங்கே என்ன தப்பு என்று அவளையே சொல்லச் சொல்வார். ஒரு தடவை ராவெலின் மிகக் கடினமான ஒரு உருப்படியைச் சில நாள் கெடுவில் தயார் செய்து வரச் சொன்னார். வந்தாள். அது கஷ்டமானது என்று யாரும் தன்னிடம் சொல்லவில்லை, அதனால்தான் முடிந்தது என்பது ஆர்கெரிச் பிற்பாடு சொன்ன விளக்கம்.

கதையை இங்கே நிறுத்தி, அவர் கையில் இருந்த வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம். டெல்டாக் காதுக்குப் பியானோ முதலில் ஒட்டாது. எனக்கும் ஒட்டவில்லை. காரணம் எளிமையானது: அதில் கமகம் கிடையாது. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வெட்டி, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கட்டை வைத்து, மொத்தம் 88 கட்டை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக வழியில்லை. தோடி ராகத்தின் காந்தாரச் சுரத்தை அதில் தேடினால், இரண்டு கட்டைகளுக்கு நடுவில் உள்ள மரச்சந்தில்தான் அது இருக்கும். தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் ஆண்டுக்கணக்கில் சுருதிக் கணக்குப் போட்ட மண்ணில் இந்தச் சமபங்கு வெட்டு சட்டென்று எடுபடுமா?

மேற்கத்திய சங்கீதம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமலும் இல்லை. தரங்கம்பாடிக்கு 1706-லேயே ஜெர்மன் பாதிரிமார் வந்து இறங்கி, தங்கள் கீர்த்தனைகளோடு குடியேறினார்கள். ஷ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் படித்த சரபோஜி மன்னர் தஞ்சாவூர் அரண்மனையில் மேற்கத்திய வாத்தியங்களை ஒலிக்கவிட்டார். திருவாரூர் முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேய பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் போட்டார். அவர் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினை எடுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். வயலின் தங்கிவிட்டது, விரலை இழுத்தால் சுரம் வளையும் என்பதால். ஆர்மோனியம் கமகம் வராவிட்டாலும் நாடகத்திலும் பஜனை மடத்திலும் இடம் பிடித்துக்கொண்டது, தூக்கிக்கொண்டு போக முடியும் என்பதால். பியானோ வளையவும் வளையாது, நகரவும் நகராது. பெரிய அரங்குகளில் வைக்கும் கச்சேரிப் பியானோ ஒன்பது அடி நீளம், அரை டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே 220-க்கு மேற்பட்ட கம்பிகள், எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 20 டன் இழுவிசை. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நம் வீட்டுக் கதவே சட்டத்துக்குள் போக மறுக்கிறது. மெல்லிய பலகையும் கம்பியுமான இந்த யானை சுருதியில் நிற்குமா?

சரி, வளையாத சுரத்தை வைத்துக்கொண்டு ஒருவர் என்னதான் செய்வது? விரல் இறங்கும் வேகம்தான் எல்லாம். அதிலேயே வல்லினமும் மெல்லினமும் பிறக்கின்றன. ஒரே சமயத்தில் பத்து விரலும் பத்து அளவு பலத்தில் இறங்கலாம். காலடியில் உள்ள மிதிகட்டை, ஒலியைத் தேங்கவிடவோ சட்டென்று வடியவிடவோ உதவும். நம் தாளவாத்தியக்காரர்கள் பியானோவைச் சட்டென்று பிடித்துக்கொள்வதும் பாடகர்கள் தயங்குவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். ஸ்கார்லாட்டி 1757-ல் காலமானவர். அவர் எழுதியது கம்பியைக் கிள்ளி ஒலிக்கும் பழைய வாத்தியத்துக்கு. ஒரே கட்டையை அந்த வேகத்தில் பியானோவில் திரும்பத் திரும்ப அடிக்க வழி செய்தது செபாஸ்டியன் எரார் என்ற பியானோ தயாரிப்பாளர் 1821-ல் கொண்டுவந்த ஒரு பொறியமைப்பு. கட்டை முழுசாக மேலே திரும்பி வராவிட்டாலும் சுத்தி அடுத்த அடிக்குத் தயாராக நிற்கும். விரலை மாற்றிப் போடுவது வாசிப்பவர் கெட்டிக்காரத்தனம், சுத்தி தயாராக நிற்பது தச்சர் கெட்டிக்காரத்தனம். நரசிங்கம்பேட்டை ஆசாரி கடைந்து கொடுக்காமல் நாயனம் ஏது?

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். நாயனக்காரர் தன் வாத்தியத்தைத் தானே தூக்கி வருகிறார். காவிரிக்கரை நாணலில் செய்த சீவாளிகளில் நாலைந்து கொத்தாக நாயனத்தின் கழுத்தில் தொங்கும், அன்றைய வெயிலுக்கும் தன் மூச்சுக்கும் ஏற்றதை எடுத்துச் செருகிக்கொள்வார். பியானோ கலைஞர் ஊர் ஊராகப் போய், அந்தந்த அரங்கில் நிற்கும் முன்பின் தெரியாத பியானோவில் உட்காருகிறார். சம்பந்தி வீட்டுச் சமையலறையில் முதல் நாள் சமைப்பது போல. ஹோரோவிட்ஸ் போன்ற மிகச் சிலர் சொந்தப் பியானோவைக் கப்பலிலும் விமானத்திலும் ஏற்றிக்கொண்டு அலைந்தார்கள். மற்றவர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இப்போது தொழிலுக்கு வருவோம். உலகம் சுற்றும் பியானோ கலைஞரின் வாழ்க்கை பெரும்பாலும் ஒரு போட்டியில் தொடங்கும். வார்சாவில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஷோப்பன் போட்டி, மாஸ்கோவில் சாய்கோவ்ஸ்கி போட்டி, இன்னும் சில. ஜெயித்தால் பணத்தைவிட முக்கியமாகக் கச்சேரித் தேதிகளும், ஒலிப்பதிவு நிறுவனங்களும், ஏஜெண்டும் கிடைப்பார்கள். பெரிய அரங்குகள் இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே தேதி குறித்துவிடும். இந்த வருஷம் ஆவணியில் உட்கார்ந்துகொண்டு, வருகிறதற்கு அடுத்த வருஷம் தையில் எந்த ஊரில் எந்த உருப்படி என்று கையெழுத்துப் போட்டாக வேண்டும். ஆர்கெஸ்ட்ராவோடு என்றால் ஒன்றிரண்டு ஒத்திகை, கச்சேரி, மறுநாள் விமானம், இன்னொரு ஊர், இன்னொரு பியானோ. ஓட்டல் அறையில் இரவு. தனிக் கச்சேரி என்றால் ஒத்திகைக்குக்கூட ஆள் துணை கிடையாது. ஏறக்குறைய இரண்டு மணி நேரச் சரக்கு முழுவதும் மனப்பாடம், எதிரே தாள் இல்லை.

நம் ஊரில் பியானோ மேதை என்றதும் நினைவுக்கு வருவது 2019-ல் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் பத்து லட்சம் டாலர் ஜெயித்த நம் பையன் லிடியன் நாதஸ்வரம். (பியானோ வாசிக்கிற பையனுக்கு நாதஸ்வரம் என்று பெயர் வைத்த புண்ணியவான் வாழ்க.) அந்த ஓர் இரவு வேறு, நாற்பது ஐம்பது வருஷம் மேலே சொன்ன சக்கரத்தில் சுற்றுவது வேறு. ஆர்கெரிச்சின் கதை சுவாரசியமாவது அவர் சக்கரத்தில் ஏறியதால் அல்ல, அதிலிருந்து குதித்துக் குதித்து இறங்கியதால்.

1957-ல், பதினாறு வயதில், ஜெனீவா போட்டியையும் இத்தாலியின் புசோனி போட்டியையும் மூன்று வார இடைவெளியில் ஜெயித்தார். கச்சேரிகள் குவிந்தன. 1960-ல் முதல் இசைத்தட்டுக்கான பதிவு. அத்தோடு வற்றிப்போனது. கிட்டத்தட்ட மூன்று வருஷம் பியானோ பக்கமே அதிகம் போகவில்லை. மைக்கேலாஞ்சலி என்ற பெரிய வாத்தியாரிடம் ஒன்றரை வருஷம் இருந்து பெற்ற பாடம் மொத்தம் நாலு. நியூயார்க்கில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு பொழுது போக்கினார். பேசாமல் அலுவலகச் செயலர் வேலைக்குப் போய்விடலாமா என்றுகூட யோசித்தார். பியானோ கலைஞர் ஸ்டெஃபான் அஸ்கெனாசேயும் அவர் மனைவியும் தேற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1965-ல் வார்சாவில் ஷோப்பன் போட்டியின் முதல் பரிசு. அதற்குள் கையில் ஒரு குழந்தையும் இருந்தது.

அதற்குப் பின் வந்த பதினைந்து வருஷத்தில் அவர் பதிவு செய்தவை இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. ஒன்றே ஒன்று கேளுங்கள் என்றால், 1967-ல் பெர்லினில் கிளாடியோ அப்பாடோ ஆர்கெஸ்ட்ராவை நடத்த அவர் வாசித்த புரோகோஃபியெவின் மூன்றாவது கான்செர்ட்டோ. (கான்செர்ட்டோ என்றால் ஒரு வாத்தியம் ஆர்கெஸ்ட்ராவோடு சேர்ந்து வாசிக்கும் பெரிய உருப்படி.) அதை அவர் கற்ற விதமே ஒரு கதை. கூடத் தங்கியிருந்த தோழி ஒருத்தி அதைப் பகலெல்லாம் சாதகம் செய்ய, இவர் அதே அறையில் தூங்கிக்கொண்டிருப்பார். பிறகு உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினால் பாதி கைக்கு வந்திருந்தது, தோழி செய்த பிழைகள் உட்பட! மேளக்காரர் வீட்டுத் திண்ணைகளில் வளர்ந்தவர்கள் இதை நம்புவார்கள். தூளியில் கிடந்தே வர்ணம் பாடம் ஆன பிள்ளைகளை இங்கே எல்லாருக்கும் தெரியும்.

இன்னொரு கதை இதற்கு நேர் எதிர். ஆறு வயதில் ஆர்கெரிச், கிளாடியோ அராவ் என்ற பியானோ கலைஞர் வாசித்த பீத்தோவனின் நான்காவது கான்செர்ட்டோவைக் கேட்டார். அதன் நடுப்பகுதியில் தந்தி வாத்தியங்கள் கடுமையாக அதட்ட, பியானோ தணிந்த குரலில் பதில் சொல்லிக்கொண்டே வரும். கடைசியில் ஒரு நீண்ட நடுக்கம். அந்த இடத்தில் உடம்பில் மின்சாரம் பாய்ந்தது போல் இருந்ததாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று பீத்தோவனின் கான்செர்ட்டோக்களை மேடையேற்றியவர், நான்காவதைத் தொடவே இல்லை. ஒரு பெரியவர் பாடிக் கேட்ட பிறகு அந்தக் கீர்த்தனையைத் தன் வாயால் பாடமாட்டேன் என்று சொல்லும் பாடகர்கள் நம்மிடமும் உண்டு.

வேண்டாம் என்று சொல்வதில் அவர் எப்போதுமே கெட்டி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதில் விருப்பமில்லை. கடைசி நேரத்தில் கச்சேரியை ரத்து செய்வதற்கே பெயர் பெற்றவர். அவர் வருகிறார் என்று டிக்கெட் வாங்கியவர்கள், மேடையில் ஏறி உட்காரும்வரை நம்பமாட்டார்கள். வேறு யாராயிருந்தாலும் தொழில் முடிந்திருக்கும். நமக்கு இதில் நாயன வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை ஞாபகம் வராமல் போகாது. சொன்ன நேரத்துக்கு வராமல் ஊரையே காக்கவைத்த கதைகளும், வந்து தோடியை எடுத்ததும் ஊர் கோபத்தை மறந்த கதைகளும் இன்னும் இங்கே திண்ணைப் பேச்சில் உண்டு. இதை நான் நியாயப்படுத்தமாட்டேன். டிக்கெட் வாங்கிக் காத்திருப்பவனுக்கும் ஒரு பொழுது இருக்கிறது.

1980-ல் ஷோப்பன் போட்டிக்கு நடுவராகப் போனார். யுகோஸ்லாவியாவின் ஈவோ போகோரெலிச்சை மற்ற நடுவர்கள் இறுதிச் சுற்றுக்கு முன்பே வெளியேற்ற, அவன் ஒரு மேதை என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த வருஷம் ஜெயித்தவர் வியட்நாமின் டாங் தாய் சோன், அந்தப் போட்டியில் வென்ற முதல் ஆசியர். ஆனால் மறுநாள் பத்திரிகைகளில் போகோரெலிச் பெயர்தான் பெரிதாக நின்றது. போட்டியில் தோற்றே உலகப் புகழ் பெறலாம் என்பதற்கு அவர் உதாரணம். ஜெயித்தவருக்கு அது கொஞ்சம் அநியாயம்தான்.

தனிக் கச்சேரியை விட்டது இந்தக் காலகட்டத்தில்தான். தவில்காரர் கேள்விக்கு இங்கே திரும்ப வேண்டும். மேடை நடுவே ஒரே ஆள், ஒரே வாத்தியம், முழு மாலை என்பது ஏதோ மேற்கத்திய சங்கீதம் பிறந்தபோதே வந்த ஏற்பாடு அல்ல. 1839 வாக்கில் ஃபிரான்ஸ் லிஸ்ட் என்ற பியானோ கலைஞர் தொடங்கிவைத்த புதுமை அது. அதற்கு முன் ஒரு கச்சேரி என்றால் பாட்டு, ஆர்கெஸ்ட்ரா, நண்பர்களின் வயலின் எல்லாம் கலந்த பந்தியாக இருக்கும். லிஸ்ட் மற்ற எல்லாரையும் இறக்கிவிட்டுத் தான் மட்டும் உட்கார்ந்தார். தாள் இல்லாமல் வாசிக்கும் வழக்கமும் அவரும் கிளாரா ஷூமனும் வேரூன்றச் செய்ததுதான். லிஸ்டுக்கு அது பொருந்தியது, அவர் கூட்டத்தை ஆட்டிவைத்தே வாழ்ந்த மனிதர். அவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை அப்புறம் வந்த எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆகிவிட்டது.

இங்கே மேளம் என்றால் ஒரு ஆள் இல்லை. நாயனம், தவில், ஒத்து, தாளம். ஒத்துக்காரர் ஒரே சுரத்தை மூச்சு விடாமல் பிடித்துக்கொண்டே நிற்பார், அவர் நின்றால் எல்லாம் நிற்கும். ராஜரத்தினம் பிள்ளை எத்தனை பெரிய சக்கரவர்த்தியானாலும் பக்கத்தில் நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போல ஒரு தவில் வேண்டும். தனி என்பதே இங்கே கச்சேரிக்குள் வரும் ஒரு பகுதி. நாயனக்காரர் வாத்தியத்தை இறக்கி வைத்துக்கொண்டு தாளம் போட்டு ரசிப்பார். தனியை முடிக்கும் தீர்மானம் விழுந்ததும் எடுத்துக்கொள்வார். எடுக்க ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் தனி வாசிக்கிறவர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகிறார். அதனால்தான் முழுக் கச்சேரியும் தனி என்றதும் அந்தப் பெரியவர் அடப் பாவமே என்றது.

ஆர்கெரிச் வாசிப்பதை நிறுத்தவில்லை. ஆட்களைச் சேர்த்துக்கொண்டார். இரண்டு பியானோ போட்டு நெல்சன் ஃபிரெய்ரியோடு, வயலினில் கிடோன் கிரெமரோடு, செல்லோவில் மிஷா மைஸ்கியோடு, பிறந்த ஊரில் சின்ன வயதிலேயே அறிமுகமான டேனியல் பாரன்பாயிமோடு. ஃபிரெய்ரி 2021-ல் காலமானார். தனிக் கச்சேரி இல்லையே என்று அங்கலாய்க்கிற ரசிகர்கள் இந்தக் கூட்டு வாசிப்புகளை இரண்டாம் பட்சமாக நினைக்கிறார்கள். அவர்கள் கட்சியில் நான் இல்லை. இரண்டு பியானோக்காரர்கள் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் விட்டதை மற்றவர் எடுக்கும்போது ஆர்கெரிச் முகத்தில் வரும் ஒரு குறும்பு, பழைய தனி வாசிப்பு வீடியோக்களில் எனக்குத் தட்டுப்படவில்லை.

1990-ல் தோல் புற்றுநோய் கண்டது. குணமாகி, 1995-ல் நுரையீரலில் திரும்ப வந்தது. கலிபோர்னியாவில் சிகிச்சை. தேறியபின், 2000-ல், அந்த மருத்துவ மையத்துக்கு நிதி திரட்ட நியூயார்க்கின் கார்னகி அரங்கில் வாசித்தார். அன்றைக்கு விரதத்தை விட்டுத் தனியாகவும் வாசித்தார். அந்தப் பக்கங்களில் ஜப்பானின் பெப்பு என்ற வெந்நீர் ஊற்று ஊரில் அவர் பெயரில் ஒரு இசை விழா தொடங்கியிருந்தது. 2002 முதல் 2016 வரை சுவிட்சர்லாந்தின் லுகானோவில் ஒன்று, 2018 முதல் ஹாம்பர்க்கில் இன்னொன்று. எல்லாவற்றிலும் ஒரே ஏற்பாடு: வயதானவர்கள், பேர் தெரியாத இளையவர்கள், சொந்த மகள்கள் எல்லாரையும் கலந்து உட்காரவைப்பது. விழா இவர் பெயரில் நடக்கும், இவர் அன்றைய நிகழ்ச்சியில் அரை மணி நேரம் யாருக்கோ பக்கவாத்தியமாக இருப்பார். தை மாதம் திருவையாற்றில் பெரிய வித்வான்களும் நேற்று அரங்கேறியவர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடுவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்தப் புகைப்படங்களில் அந்நியமாக எதுவும் இல்லை.

எண்பது தாண்டியும் கான்செர்ட்டோ வாசிக்கிறார். திரும்பத் திரும்ப அதே சில உருப்படிகள்தான்: ஷூமன், ராவெல், புரோகோஃபியெவ், பீத்தோவனின் முதல் இரண்டு. முடிந்ததும் கைதட்டல் ஓயாது. உள்ளே போவார், வருவார், ஆர்கெஸ்ட்ரா நடத்துநரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து முன்னால் நிறுத்துவார். கூட்டம் விடாது. கடைசியில் அலுத்துக்கொள்கிற மாதிரி பியானோவில் உட்கார்ந்து பல நேரம் எடுப்பது அந்த ஸ்கார்லாட்டிதான். ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் வயலினை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் உட்கார்ந்தபடி, கழுத்தை நீட்டி அவர் விரலைப் பார்க்கிறார்கள். நான் கல்யாணத்தில் காட்டியது அப்படி ஒரு பதிவைத்தான். போன் திரை சின்னது, பின்னால் இருந்தவர்களை வித்வான் கவனித்திருக்க மாட்டார்.